சான்றிதழுக்கும் முதற் சம்பளத்துக்கும் இடையில்

கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் படிப்பிக்கும் எனக்குச் சான்றிதழ் வழங்கும் விழாவைவிட அதற்குப் பின்வரும் மாதங்கள்தான் சங்கடமானவை. மேடையில் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்ட பிள்ளை, ஆறு மாதம் கழித்துப் பரந்தன் சந்தியில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கம். கேட்க எனக்கும் வெட்கம்.

"இந்தக் காலத்துப் பொடியளுக்கு வேலை செய்ய மனமில்லை" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேசிய தொழில் தகைமை (NVQ) என்ற தரப்படுத்தலில் நான்காம் மட்டம் பெற்றவர், மேற்பார்வை இல்லாமல் தானே ஒரு வேலையைச் செய்து முடிக்கக்கூடியவர் என்பதுதான் கணக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் தொடங்கியதிலிருந்து, நல்ல இயந்திரங்களில் கைபழகும் வாய்ப்பும் வன்னிக்கு வந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளிடம் தொழில் இல்லை என்று சொல்ல முடியாது. சான்றிதழ் கையில் கிடைக்கும் நாளுக்கும் முதற் சம்பளம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் அவர்களோடு நிற்க யாரும் இல்லை என்பதே என் முறைப்பாடு. அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

ஒட்டுசுட்டான் பக்கத்து மாணவி ஒருத்திக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்தது. மாங்குளத்தில் பஸ் மாறி வரவேண்டும். மாலையில் வேலை முடிந்து மாங்குளம் போய்ச் சேரும்போது அவளுடைய ஊருக்கான கடைசி பஸ் போயிருக்கும். மூன்றாம் கிழமையே நின்றுவிட்டாள். தகப்பனை இறுதி யுத்தத்தில் இழந்த வீடு அது. இருட்டிய பிறகு மகள் வீடு வந்து சேராவிட்டால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று தெரிந்த எவரும் "துணிச்சல் இல்லை" என்று சொல்லமாட்டார்கள். வேலை முடியும் நேரத்தை முக்கால் மணித்தியாலம் முன்தள்ளியிருந்தால் அவள் இன்றும் அங்கே இருந்திருப்பாள். அதைக் கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

கொழும்பில் வேலை என்றால் கதை வேறு. தங்கும் போடிங்குக்கு முற்பணம், சாப்பாடு, சப்பாத்து, பயணச் செலவு எல்லாம் முதல் மாதத்திலேயே வேண்டும். சம்பளமோ மாதக் கடைசியில். தோட்டை அடகு வைத்து மகனை அனுப்பிய தாய்மார் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் நிலையங்களுக்குக் கணினி வாங்கித் தந்து பெயர்ப்பலகை வைப்பதை நான் குறை சொல்லவில்லை (அந்தக் கணினிகளில் இரண்டு என் வகுப்பில்தான் இருக்கின்றன), ஆனால் அதே பணத்தை முதல் மூன்று மாதச் செலவுக்குக் கடனாகக் கொடுத்து, சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகத் திருப்பி வாங்கினால், ஒரு தொகையே பல தொகுதி மாணவர்களைக் கரையேற்றும்.

அடுத்தது மொழியும் கூச்சமும். என் மாணவன் ஒருவன் நேர்முகத் தேர்வில் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் இருந்துவிட்டு வந்தான். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தில் எழுதியிருப்பது வேலைத்தளத்தில் அவனுக்கு உதவவில்லை. சில நாள் கழித்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டார் ஒன்றை மேசையில் வைத்து, "இதைப் பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். மல்டிமீட்டரின் முனைகளைச் சுருளில் வைத்தவன், எங்கே அறுந்திருக்கிறது, ஏன் சூடேறியது, பெயரிங் இறுகியதா, கப்பாசிற்றர் போனதா என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். தலை குனிந்திருந்த அதே பிள்ளைதான்.

இப்போது கடைசி ஆறு கிழமையும் வகுப்பில் இப்படித்தான் நேர்முகத் தேர்வு நடக்கிறது; கருவி கையில் இருக்க வேண்டும், தான் செய்வதைத் தமிழில் ஒருமுறையும் தெரிந்த சிங்களத்தில் ஒருமுறையும் சொல்ல வேண்டும். இலக்கணம் பார்ப்பதில்லை, கருவிகளின் பெயரும் ஆபத்து நேரத்தில் கத்த வேண்டிய சொற்களும் வந்தால் போதும். வேலை கொடுப்பவர்களிடமும் நான் கேட்பது, கோப்பைப் புரட்டும் முன் ஒரு பழுதைக் கையில் கொடுத்துப் பாருங்கள் என்பதைத்தான்.

அடுத்த தொகுதி தொடங்கவிருக்கிறது. வீட்டுக் கோடியில் எரிந்துபோன தண்ணீர் மோட்டாரோ சுற்றாத மின்விசிறியோ கிடந்தால் உட்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஓடுகிற மோட்டார் வேண்டாம்.