பார்த்தவர் பொய் சொல்லவில்லை

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். கும்மிருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் திகில் இசை, மேலே சிவப்பெழுத்தில் "நார்வேயில் வேற்றுக்கிரகவாசிகள்!". அடுத்த நிமிடமே அவர் மகன், "அப்பா, எல்லாம் டுபாக்கூர்" என்று பதில் போட்டுவிட்டான். வீடியோ சொல்லும் வெளிச்சம் நார்வேயின் ஒரு பள்ளத்தாக்கில் தெரிவது; இரண்டு பேருமே அந்தப் பள்ளத்தாக்குக்கு அநியாயம் செய்கிறார்கள். குழுவில் எழுதினால் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவே காணாமல் போய்விடும், அதனால் இங்கே.

இடத்தின் பெயர் ஹெஸ்டாலன். மத்திய நார்வேயில், பழைய செம்புச் சுரங்க நகரமான ரோரோஸுக்கு வடமேற்கே இருக்கிறது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர், குடியிருப்பவர்கள் 200 பேருக்குள். 1981 டிசம்பரில் அங்கே இரவு வானில் வெளிச்சங்கள் அடிக்கடி தென்பட ஆரம்பித்தன. 1984-ன் நடுப்பகுதி வரை அது ஓயவில்லை. வாரத்துக்கு 15, 20 தடவை தெரிந்த காலமும் உண்டு. மஞ்சள் கலந்த வெள்ளையில், கூர்முனை கீழே பார்த்தபடி துப்பாக்கித் தோட்டா போல ஒன்று. விட்டுவிட்டு மின்னும் நீலம் ஒன்று. இரண்டு வெள்ளை விளக்கும் ஒரு சிவப்பும் இடைவெளி மாறாமல் சேர்ந்தே நகர்வது இன்னொன்று. சில நொடியில் அணைந்தவையும் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றவையும் உண்டு.

கொள்ளிவாய்ப் பிசாசு கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஒன்றும் புதுமையில்லை. ஒன்று நம்பிவிடுவோம், இல்லையென்றால் சிரித்துவிடுவோம். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்" என்று பழமொழி வேறு கையில் இருக்கிறது. சிரிக்கிறவர்கள் இதில் முதல் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். "தீர விசாரிப்பதே மெய்" என்ற மூன்றாவது பங்குக்குத்தான் உடம்பு வணங்க வேண்டும், காசு செலவாகும், குளிரில் நிற்க வேண்டும்.

ஹெஸ்டாலனில் அப்படி நின்றார்கள். 1983-ல் எர்லிங் ஸ்ட்ராண்ட் என்ற மின்பொறியாளரும் சிலரும் சேர்ந்து ஒரு ஆய்வுத் திட்டம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரி 21 முதல் பிப்ரவரி 26 வரை ராடார், நில அதிர்வு மானி, காந்தமானி, கதிரியக்கம் அளக்கும் கருவி, நிறமாலை பிரிக்கும் கண்ணாடி மாட்டிய கேமராக்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பனிக்குள் உட்கார்ந்தார்கள். 53 வெளிச்சங்கள் பதிவாயின. ராடாரில் விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் போனவையும் இருந்தன.

எனக்குப் பிடித்தது லேசர் கதை. ஒரே சீராக மின்னிக்கொண்டிருந்த ஒரு வெளிச்சத்தின் மீது லேசரை அடித்தார்கள். அது உடனே இரண்டிரண்டாக மின்ன ஆரம்பித்தது. லேசரை எடுத்தார்கள், பழையபடி ஒற்றை மின்னல். இப்படி 9 தடவை செய்ததில் 8 தடவை அது மாறியது. அந்தக் குளிரில் லேசரைப் பிடித்திருந்தவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நானாக இருந்தால் லேசரைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் இதை வைத்து "பதில் சொல்கிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள்" என்று தாவ மாட்டேன். ஒரே இடத்தில் 9 தடவை செய்து பார்த்தது நல்ல தடயம். வேறு ஆட்கள், வேறு இரவுகளில் செய்து அதே விடை வந்தால்தான் முடிவு.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு முறை மலைப்பாதையில் இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் வெளிச்சம். மெதுவாக இறங்கியது, நின்றது, சட்டென்று காணவில்லை, கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன், அவரும் வாயைப் பிளந்தார். திரும்பும்போது பகலில் பார்த்தால் எதிர்மலையில் ஒரு ரோடு. கொண்டையூசி வளைவுகளில் இறங்கிய ஏதோ லாரி. சுற்றிலும் இருட்டாக இருந்தால் ஒரு விளக்குக்குத் தூரமும் கிடையாது, அளவும் கிடையாது. இரண்டையும் நம் மனதுதான் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒருவர் "வெளிச்சம் பார்த்தேன்" என்றால் நம்புகிறேன். "வீடு உயரம் இருந்தது, கூப்பிடு தூரம்தான்" என்றால் பாதிதான் நம்புவேன். அது எங்கிருந்து வந்தது என்று அவர் விளக்க ஆரம்பித்தால், சரி, டீ சாப்பிடலாமா என்பேன்.

ஹெஸ்டாலனிலும் இந்த லாரி விவகாரம் வந்தது. 2002-ல் இத்தாலிய ஆய்வுக் குழு ஒன்று பதிவு செய்ததை மத்தேயோ லியோனே என்ற இன்னொரு இத்தாலியர் அலசி, அதில் சில தெற்கே சாலையில் வந்த கார் விளக்குகளாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். விமானங்களும் கிரகங்களும்கூட ஆட்களை ஏமாற்றியிருக்கின்றன. அதையெல்லாம் கழித்தாலும் மீதி நிற்கிறது என்பதுதான் ஆய்வாளர்களின் வாதம்.

மீதிக்கு விளக்கம்? ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைவதால் மின்னேற்றம் பெற்ற தூசி என்கிறார்கள் சிலர். அழுத்தத்தில் மின்சாரம் தரும் குவார்ட்ஸ் பாறை என்கிறார்கள் வேறு சிலர். யாதெர் மொனாரி என்ற இத்தாலியர் சொன்னது இன்னும் ருசிகரம்: பள்ளத்தாக்கின் ஒரு பக்கப் பாறையில் செம்பு, மறுபக்கம் துத்தநாகமும் இரும்பும், நடுவே பழைய சுரங்கத்துக் கந்தகம் கலந்து அமிலமான ஆறு. ஆக மொத்தம் பள்ளத்தாக்கே ஒரு பெரிய பேட்டரி! அங்கிருந்து எடுத்த கற்களை வைத்து ஒரு சின்ன விளக்கை எரியவும் வைத்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பியில் விளக்கு எரிவது வேறு, அந்தரத்தில் ஒரு மணி நேரம் வெளிச்சம் நிற்பது வேறு. நடுவில் உள்ள படிகளை யாரும் காட்டும் வரை நான் இதை வாங்க மாட்டேன்.

1998 ஆகஸ்டில் அங்கே ஒரு தானியங்கி நிலையம் வைத்தார்கள். நீலப் பெட்டி என்று பெயர். ஆள் இல்லாமலே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வைத்த கேமரா. 2010 வாக்கில் வெளிச்சம் வருவது வருடத்துக்கு 10, 20 தடவையாகக் குறைந்திருந்தது. அந்தப் பெட்டி எடுக்கும் படம் ஒவ்வொன்றுக்கும் நேரமும் திசையும் உண்டு. சித்தப்பாவின் வீடியோவில் இரண்டும் இல்லை.

அதனால் குழுவில் ஒன்றே ஒன்று கேட்டேன். "சித்தப்பா, இது எத்தனை மணிக்கு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது?" நீல டிக் விழுந்து ஆறு மணி நேரம் ஆகிறது.