கொக்கத்தடியில் ஒரு கமரா

(வெள்ளவத்தை. சைக்கிள் திருத்தும் கடை. பொடியனின் ஹாண்டிலில் ஒன்றரை அடி பீ.வீ.சீ. குழாய், நுனியில் கமரா.)

கடைக்காரர்: என்ன தம்பி, கொக்கத்தடியோட வாறீர்? மாங்காய் பிடுங்கவோ?

பொடியன்: கமராத் தாங்கி அண்ணை. நானே செய்தது. வீடியோவில மரைன் டிரைவ் லைற் தூணெல்லாம் கள்ளுக் குடிச்ச மாதிரி நெளியுது.

கடைக்காரர்: நெளியாதே? கமரா படத்தை வரி வரியாத்தான் வாசிக்கும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில அது ஆடினால் தூண் வளையும். தடி நீண்டால் ஆட்டமும் கூடும். உதைக் கழட்டும்.

பொடியன்: கீழ ரப்பர் தடிப்பா வைச்சால்?

கடைக்காரர்: மெத்தையில நிண்டு படம் எடுத்துப் பாரும், விளங்கும். இந்தப் பழைய ரிஃப்ளெக்டர் கிளிப் காணும். உள்ளுக்குப் பழைய ரியூப் துண்டு ஒரே ஒரு சுற்று. அது வழுக்காமல் இருக்க மட்டும்.

பொடியன்: ஆறு மில்லிமீற்றர் போல்ட் கொண்டந்தனான். ரெண்டு சுற்றுப் போய் இறுகிட்டுது. குறட்டால திருப்பட்டே?

கடைக்காரர்: ஐயோ, கையை எடும்! கமராவின்ர புரி அழிஞ்சிடும். அதுக்குக் கால் அங்குல மொத்தப் போல்ட், அங்குலத்துக்கு 20 புரி. பழைய சோனகத் தெருவில கேளும். விற்வேத் எண்டு பழைய இங்கிலிஸ் புரிப் போல்ட் தந்தாலும் வாங்கும், அதுக்கும் 20 புரிதான். ஒரு அங்குல நீளம், ஸ்டெயின்லெஸ். சும்மா இரும்பு எண்டால் கடல்காத்துக்குத் துருப்பிடிச்சுக் கமராவோட ஒட்டிப்போகும். நட் ரெண்டு, அகல வாசர் ஒண்டு.

பொடியன்: ரெண்டு நட் என்னத்துக்கு?

கடைக்காரர்: போல்ட்டைக் கீழ இருந்து விட்டு, முதல் நட்டால கிளிப்போட இறுக்கும். ரெண்டாவது நட்டையும் வாசரையும் தளர விட்டு, கமராவை மூன்றரைச் சுற்றுச் சுத்தும். நாலரை மில்லிமீற்றர் உள்ளுக்குப் போகும். பிறகு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி, ரெண்டாவது நட்டை மேல ஏத்தி இறுக்கும்.

பொடியன்: முட்டுமட்டும் சுத்தினால் இன்னும் பலமில்லையே?

கடைக்காரர்: பலம்தான். போல்ட் கமராவின்ர வயித்தைக் குத்தும். மறக்காமல் ஒரு நைலோன் கயிறும் கட்டும், கழண்டு விழுந்தாலும் சில்லுக்க போகாத நீளத்தில. அதுசரி, மணி எங்க?

பொடியன்: அந்த இடத்திலதானே கமரா வருது.

கடைக்காரர்: காலி வீதியில பஸ் வந்தால்?

பொடியன்: மணிக்கு எந்த பஸ் அண்ணை விலகினது? கமராவைக் கண்டால் சீப்பெடுத்துத் தலையெண்டாலும் இழுப்பாங்கள்.