மஞ்சப்பையில் ஆறு டப்பா

போன தடவை ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் அடிபட்டால் ஏறுகிற எஸ்ஜிபிடி 118 என்று வந்தது. அதற்கு முந்தைய தடவை 31. எனக்கு ஆறு வருஷமாக ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், பெரியவர்கள் சரவாங்கி என்பார்களே, அதேதான்; உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற வியாதி. ஞாயிறு ராத்திரி, வாரம் ஒரே ஒரு நாள், அந்த எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மெத்தோட்ரெக்ஸேட். கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடிய மருந்து என்பதால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். பெருந்துறையில் பஸ் ஏறி, கோயமுத்தூர் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"நான் குடுத்தது போக வேற என்னங்க சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அவர் விடவில்லை. "பொடி, லேகியம், சத்து மாத்திரை, காலையில வெறும் வயித்துல ஏதாச்சும்?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நம் மனசுக்குள் மருந்துக்கு ஒரு அலமாரி, சத்துக்கு வேறொரு அலமாரி. டாக்டர் கேட்டால் முதல் அலமாரியை மட்டும்தான் திறக்கிறோம்.

"பட்டியல் எழுத வேண்டாம், வீட்ல இருக்கற டப்பாவையே அள்ளிட்டு வாங்க" என்றார். அடுத்த வாரம் ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுபோய் அவர் மேஜையில் கொட்டினேன். ஆறு டப்பா. ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

முதலில் எடுத்தது குர்குமின் கேப்சூல், மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்து. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரி, சொந்தக் காட்டிலேயே மஞ்சள் போட்ட குடும்பம், அதையே கேப்சூலாக விலை கொடுத்து வாங்கித் தின்கிறேன். டாக்டர் சிரிக்கவில்லை. நூறு கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று கிராம்தான் இருக்கும். குழம்புக்கு நாம் போடுவதோ அரை ஸ்பூன். இந்தக் கேப்சூல் ஒன்றில் 500 மில்லிகிராம், அதில் 95 சதவீதம் குர்குமின். கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின். இந்தச் சேர்மானத்துக்கு அடிப்படை 1998இல் வெளிவந்த ஒரு பெங்களூர் ஆய்வு: குர்குமினோடு பைப்பரின் சேர்த்துக் கொடுத்தால் உடம்பு அதை எடுத்துக்கொள்வது இருபது மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். டப்பாவில் அதைப் பெருமையாகப் போட்டிருந்தது. "இந்த பைப்பரின் மஞ்சளோட நிக்காதுங்க, நீங்க போடற வேற மருந்தையும் சேர்த்து ஏத்திவிடலாம்" என்றார். இந்த மாதிரி மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி இத்தாலியில் 2019இல் செய்தி வந்தது. ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் எச்சரிக்கையே விட்டது. ரசத்தில் போடுகிற மஞ்சளுக்கும் மிளகுக்கும் இதில் ஒரு பழியும் இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது, சீந்தில் சூரணம். கொரோனா காலத்தில் பிடித்த பழக்கம், விடவே இல்லை. வேலியில் படர்ந்து கிடக்கிற கொடிதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். சீந்தில் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். 2022இல் நாடு முழுக்கப் பதிமூன்று மருத்துவமனைகளில் 43 பேரைப் பார்த்து இன்னொரு அறிக்கை வந்தது. அதில் பலருக்கு வந்தது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்குகிற வகை. ஆயுஷ் அமைச்சகம் மும்பை ஆய்வை ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உடம்பு ஏற்கெனவே தன்னைத்தானே கடித்துக்கொண்டிருக்கிற என்னைப் போன்ற ஆள், அந்த வழக்கு முடிகிற வரைக்கும் தினம் ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்ற வாசகம்தான் எனக்கு இப்போது எரிச்சல். எங்களுக்கு அது குறைந்தா போனது? வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் வீட்டுக்குள் பாய்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் என்பது கரையை அடைக்கிற ஆள். அந்த ஆளுக்குக் கூலியும் கொடுத்துவிட்டு, கிணற்று மோட்டாரையும் நாமே போட்டுவிட்டால் எப்படி? மூன்றாவது டப்பாவான ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரையும் இதே கதைதான், எதிர்ப்பு சக்தியைத் தூண்டக்கூடியது என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

நான்காவது பயோட்டின் என்ற வைட்டமின், முடி கொட்டுகிறதே என்று நானாக வாங்கியது. அது என்னைக் கெடுத்ததோ இல்லையோ, ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கும். அதிக அளவு பயோட்டின் போட்டுக்கொண்டு போனால் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரலாம். மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். 2017இலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. தைராய்டு மாத்திரை போடுகிற என் சித்திக்கு இதைச் சொன்னபோது இன்னொன்று தெரிந்தது: அவர் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே கால்சியத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம், இரும்புச்சத்து இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் ஏறாது.

ஐந்தாவது மீன் எண்ணெய். அதை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவதில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வைட்டமின் டி, 60,000 யூனிட். இந்த டாக்டர் வாரம் ஒன்று எழுதியிருந்தார். முட்டிவலிக்குப் போன இடத்தில் இன்னொரு டாக்டர் அதையே வேறு பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒன்று, சனிக்கிழமை ஒன்று என்று இரண்டையும் போட்டிருக்கிறேன். இதைத் தினமும் போட்டு, கால்சியம் ஏறி, வாந்தி நிற்காமல், சிறுநீரகம் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள் என்றார். "வைட்டமின் டி போட்டா ஆட்டோஇம்யூன் குணமாகும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்குப் பின்னால் நிஜமான ஆய்வு ஒன்று உண்டு. 2022இல் வந்தது, 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து வருஷம். புதிதாக என்னுடையதைப் போன்ற ஆட்டோஇம்யூன் வியாதிகள் வருவது 22 சதவீதம் குறைந்தது. வந்தவர்களுக்குக் குணமானது என்று அதில் எங்கேயும் இல்லை.

கேப்சூல், சூரணம், ஸ்பைருலினா, பயோட்டின் நான்கையும் நிறுத்தினேன். வைட்டமின் டி ஒன்றானது. மெத்தோட்ரெக்ஸேட்டுக்குத் துணையாக டாக்டர் தருகிற ஃபோலிக் ஆசிட் மட்டும் எழுதிக்கொடுத்தபடி, மெத்தோட்ரெக்ஸேட் போடாத நாளில். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால் எஸ்ஜிபிடி 36. எது காரணம் என்று கேட்டேன். "தெரியாதுங்க. மெத்தோட்ரெக்ஸேட்டாவும் இருந்திருக்கலாம், அதையும்தான் ரெண்டு வாரம் நிறுத்தினோம். ஆறு சேர்ந்து இருந்தா யாரைன்னு பிடிக்கறது?" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் கஷ்டமான வேலை ஒன்று பாக்கி. இந்த டப்பாக்களில் பாதி நான் வாங்கியதே இல்லை, பிரியத்தில் வந்தவை. கல்யாண வீட்டில் என் விரல்களைப் பார்த்துவிட்டு "அம்மிணி, இதைக் குடிச்சுப் பாரு, எங்க பக்கத்துக் காட்டுக்காரம்மா மூணே நாள்ல எந்திரிச்சு நடந்துச்சு" என்று பொட்டலத்தைக் கையில் திணிப்பார்கள். மூன்றே நாளில் வலி போகிறது என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். லேபிளே இல்லாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது ஒன்றிரண்டு தடவை இல்லை. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, திடீரென்று நிறுத்தினால் எழ முடியாமல் போகும். ஆனால் அதைக் கல்யாணப் பந்தியில் எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டு, "டாக்டர்கிட்டக் காட்டிட்டுச் சாப்பிடறனுங்க" என்று சொல்லப் பழகியிருக்கிறேன். டாக்டர் பெயரைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குர்குமின் வாங்கிக் கொடுத்தது என் நங்கை (அண்ணி). நிறுத்திவிட்டேன் என்றதும் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று அவர்களிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஏதோ புது டப்பா, பின்பக்கம் மட்டும், எழுத்தெல்லாம் மங்கலாக. கீழே குரல் செய்தி: "இதுல என்ன இருக்குதுன்னு உங்க டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லு கண்ணு. நானும் பிரஷர் மாத்திரை போடறேனல்ல."