‘ஸ்கெஸ்த்’ லத்தீன் கடன்சொல் அன்று

ஆடையைக் குறிக்கும் பழைய ஆர்மேனியச் சொல்லான ‘ஸ்கெஸ்த்’, லத்தீன் ‘வெஸ்டிஸ்’ என்பதிலிருந்து கடன் வாங்கப்பட்டது என்று கூறப்படுவது சரியன்று. இரண்டும் ஒரே வேரின் வழிவந்த உடன்பிறப்புகள்; ஒன்று மற்றொன்றின் பிள்ளை அன்று. ‘உடுத்து’ என்னும் பொருளுடைய ‘வெஸ்’ என்ற வேரே இரண்டுக்கும் அடிப்படை; அது லத்தீன், ஆர்மேனியம், சமஸ்கிருதம் முதலியவற்றுக்குப் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியைச் சேர்ந்தது. நாம் வஸ்திரம் என்று வழங்கும் சமஸ்கிருதச் சொல்லும் அவ்வேரினதே.

சொல்லின் தொடக்கத்திலுள்ள ‘ஸ்’ ஒரு முன்னொட்டு. அதை நீக்கினால் எஞ்சும் ‘கெஸ்த்’ என்பதன் ககரம் தற்செயலாக வந்ததன்று. மூலமொழியின் சொல்முதல் வகரம் ஆர்மேனியத்தில் முறையாகக் ககரமாகும் என்பதற்கு, ஆங்கில ‘வொர்க்’ என்பதற்கு இனமான ‘கோர்ட்ஸ்’ (வேலை) நல்ல சான்று. ‘உடுத்துகிறேன்’ என்னும் ‘ஸ்கெனும்’ வினையும் அம்மொழியிலேயே இருக்கும்போது, பெயர்ச்சொல்லை மட்டும் ரோமிலிருந்து வரவழைப்பானேன்?

ஆர்மேனியத்தில் கடன்சொற்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கியைக் குறிக்கும் ‘பத்முச்சான்’ ஈரானிய மொழியிலிருந்து வந்ததே. இத்தகைய சொற்கள் ஏராளமாக இருந்ததால்தான் ஆர்மேனியமே ஈரானியக் கிளை என்று அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணினர். கடனையும் மரபுச் சொல்லையும் பிரித்து, அது இந்தோ-ஐரோப்பியத்தின் தனிக்கிளை என 1875இல் நிறுவியவர் ஜெர்மன் மொழியியலாளர் ஹைன்ரிஹ் ஹியூப்ஷ்மான். இன்று ‘ஸ்கெஸ்த்’ பெரும்பாலும் பெண்கள் அணியும் கவுனைக் குறித்தாலும், பழைய நூல்களில் அது பொதுவாக உடையையே குறிக்கிறது.