மலையில் எஸ்டிபி திணறினால் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள்

மலைப்பகுதி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் (எஸ்டிபி) குளிர்காலம் வந்தால் ஒரே கதைதான். வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறும், ஆய்வக அறிக்கை கெட்டுப்போகும், திட்டு மட்டும் ஆபரேட்டருக்கு விழும். என்னைக் கேட்டால், சமவெளிக்குப் போட்ட டிசைனை அப்படியே மலையேற்றியவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

அங்கே உண்மையில் வேலை பார்ப்பது பாக்டீரியாதான். ப்ளோயர் வெறும் காற்று ஊதுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரோசோமோனாஸ் வகையறா பாக்டீரியாவுக்குக் குளிர் ஆகவே ஆகாது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் வேகம் சரியும். 5 டிகிரியை நெருங்கினால் கிட்டத்தட்ட படுத்துவிடும். அவை பெருகவும் நாளாகும் என்பதால், ஸ்லட்ஜை, அதாவது பாக்டீரியா நிறைந்த சேற்றை, வெளியேற்றாமல் பல நாள் தொட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

சரி, வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் வம்பு. அந்த ஸ்லட்ஜ் நீரிலிருந்து பிரிந்து அடியில் இறங்கவும் வேண்டுமே. காற்று ஊதும் தொட்டியின் நீரை 1 லிட்டர் ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் பழுப்புப் படிவு மளமளவென்று இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். குளிரில் அதே படிவு இறங்க மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். 5 டிகிரி நீரின் பாகுத்தன்மை 20 டிகிரி நீரைப்போல ஒன்றரை மடங்கு. போதாக்குறைக்கு மைக்ரோத்ரிக்ஸ் என்ற இழை பாக்டீரியா குளிரில்தான் செழித்து, தொட்டி மேல் பழுப்பு நுரை கட்டும். அப்போது ஸ்லட்ஜ் அடியில் இறங்குவதற்கான படிவுத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். மலைச்சரிவில் அதற்குச் சமதளம் எங்கே போவது?

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7 மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) செலவாகும். மலை ஊற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை குறைந்த மென்நீர். காரத்தன்மை சீக்கிரம் தீர்ந்து பிஹெச் விழும். சுண்ணாம்போ சோடாவோ போட ஏற்பாடு இல்லையென்றால் ஆபரேட்டர் என்ன செய்வார்? (குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும், அது ஒன்றுதான் லாபம்.)

வழி இல்லாமல் இல்லை. தொட்டிகளை மண்ணுக்குள் இறக்கி மூடலாம். பாக்டீரியா ஒட்டி வளர பிளாஸ்டிக் மீடியா போட்டால், படிவுத் தொட்டியைத் திணறடிக்காமலே கூட்டத்தைக் கூட்டலாம். செலவு கூடும்தான். ஆனால் டெண்டரில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை எழுதுவதை விட்டு, மிகக் குளிர்ந்த மாதத்தில் கழிவுநீரின் வெப்பநிலை என்ன என்று கேட்க எந்தச் செலவும் இல்லை. அப்புறம், புது நிலையத்தைக் கோடையில் தொடங்குங்கள். நடுக்குளிரில் ரிப்பன் வெட்டிவிட்டு, அடுத்த மாதமே அறிக்கை எங்கே என்று கேட்டால் பாக்டீரியா வராது, நோட்டீஸ்தான் வரும்.