பத்து நாள் ஐஸ் கணக்கு

‘விலை உயர்ந்த ஐஸ் பெட்டி வாங்கினால் பத்து நாள் ஐஸ் இருக்கும்’ என்று ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மை. முன்பே குளிரவைத்த பெட்டியில் ஐஸை நிரப்பி, திறக்காமல் வைத்தால் வரும் கணக்கு அது. முகாமில் யார் அப்படி வைத்திருக்கிறார்கள்? 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் பானத்தை உள்ளே வைத்தாலே, அதை முழுதாகக் குளிர்விக்க ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் உருகிவிடும். பெட்டியின் விலை அதைத் தடுக்காது. இரண்டு நாள் பயணத்துக்கு, வீட்டிலேயே குளிரவைத்த பானங்களும் நிழலும் இருந்தால் சாதாரணப் பெட்டியே போதும். வெயிலில் ஒரு வாரம் என்றால் தடித்த சுவருக்குக் கொடுக்கும் பணம் நியாயம்தான் (தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும்!).

பானத்தின் குளிரைக் காக்கும் டம்ளர் விஷயம் வேறு. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம்: 1892இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டுவார் கண்ட அதே உத்திதான் எல்லா விலையிலும். வெப்பம் பெரும்பாலும் மூடி வழியாகவே நுழைகிறது. வாங்கும்போது பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மூடியைப் பாருங்கள்.