எண்களுக்குப் பின்னே செயற்குறி

+, × போன்ற செயற்குறியை எண்களுக்கு முன்னே எழுதுவது முன்குறி (+ 3 4); பின்னே எழுதுவது பின்குறி (3 4 +). இவை இரண்டிலும் அடைப்புக்குறி தேவையில்லை என்பதால் கணிப்பானுக்கு இரண்டும் ஒன்றே என்று ஒரு கட்டுரை முடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. போலந்து தர்க்கவியலாளர் லூக்காசியேவிச் 1920களில் வகுத்த முன்குறி முறையில் (3 + 4) × (5 + 6) என்பதை × + 3 4 + 5 6 என்று அழுத்தினால், எண்கள் வந்து சேரும்வரை செயற்குறிகளைக் கருவி நினைவில் தாங்கிக் காத்திருக்க வேண்டும்; பின்குறியிலோ 3, என்டர், 4, + என்றதுமே 7 திரையில் தெரிந்துவிடுவதால், தவறு நேர்ந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். 1972இல் வந்த எச்பி-35 கணிப்பான், சமக்குறி விசையே இல்லாமல், நான்கே அடுக்குகள் கொண்ட நினைவகத்தால் இதைச் சாதித்தது. ‘மூன்றையும் நான்கையும் கூட்டு’ என்று வினையை இறுதியில் வைத்துப் பேசும் நமக்கு இந்த வரிசை இயல்பானதும்கூட. பள்ளியில் 3 + 4 என நடுவில் எழுதும் இடைக்குறியே பழகியவர்கள் தொடக்கத்தில் தடுமாறுவார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.